கவி இரவீந்திரரின் துயரும் தொழிலும்

வங்க நாட்டிலே தோன்றித் தம் பாடல்களாற் பாரத நாடு முழுவதற்கும் புகழ் தேடித் தந்த கவியரசர் இரவீந்திரநாத தாகூரின் பெயரை அறியாதார் நம்மவருள் இலர். 1913-ஆம் ஆண்டில் இலக்கியத்திற்குரிய நோபல் பரிசினை ஆசியாக் கண்டத்தாருள் முதன்முதலாகப் பெற்றவர் அவரே என்பதும், இந்தியாவும் வங்காள தேசமும் தத்தம் நாட்டுப் பண்ணாக அவர் பாடல்களையே கொண்டுள்ளன என்பதும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகள். நீண்ட வெண்டாடியும், அமைந்த நோக்கும், நெடிய அங்கியுமாக விளங்கும் அவர் உருவப்படத்தைக் காண்போர், செல்வக் குடியிற் பிறந்து, துன்பத்தின் நிழலும் படாமல் வாழ்ந்த முனிவர் போலும் இவர் என்று எண்ணுதல் இயல்பே. உண்மை அதற்கு முற்றும் மாறானது. தாய், தாயினும் இனிய தோழியாய் வாய்த்த அண்ணியார், மனைவி, இரண்டாம் மகள், தந்தை, கடைமகன், மூத்த மகள், மகள் வயிற்றுப் பேரன் என அவர் இழந்தாரின் வரிசை நீண்டது. அவ்வரிசையின் இடையிடையே அவர் இயற்றிய நூல்களும் வரிசையாக நிற்கின்றன. இவ்விரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே ஈண்டு நாம் செய்யப் புகுவது.

தமிழ் கற்றார்க்கு இழவு பற்றிய பாட்டுப் புதிய பொருளன்று. தொல்காப்பியனார் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன் நான்கு வகுத்தபோது இழவினையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். புறநானூற்றிற் கையறுநிலை என்றொரு துறையே உண்டு. பாரி மாய்ந்த பின் கபிலரும், அதியமான் மாய்ந்த பின் ஔவையாரும் பாடிய பாட்டுக்களைப் படித்துக் கண் கலங்காத மாணாக்கனை யாம் கண்டதில்லை. அப்பாட்டுக்களில் இறந்தாருடைய பெயரும் குணமும் கொடையும் முன்னிற்கும். பாடுவார் தம் வெறுமையை அவற்றோடு பிணைத்துக் காட்டுவர். தாகூரும் தொடக்கத்தில் அந்நெறியிற் சென்றவரே. ஆயின் துயரம் மேன்மேலும் வந்து குவியக் குவிய, அவர் கையறுநிலை பாடுவதை ஏறக்குறைய விட்டொழித்து வேறொரு நெறியைப் பற்றினார். அஃது எத்தகைய நெறி என்பது அவர் வரலாற்றிலேயே விளங்கும்.

இரவீந்திரர் 1861-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் கல்கத்தா நகரத்தில் சோராசாங்கோ என்னும் பகுதியிலுள்ள தாகூர் குடும்பத்துப் பெருமனையிற் பிறந்தார். தந்தையார் பிரம சமாசத் தலைவர்களுள் ஒருவராகிய தேவேந்திரநாதர். அன்னையார் சாரதா தேவியார். மக்கள் பலருக்கும் இளையவராகப் பிறந்தமையால், வேலையாட்களின் காவலிலேயே பெரும்பாலும் வளர்ந்தார். 1875-ஆம் ஆண்டு அன்னையார் இறந்தபோது அவருக்கு வயது 13. அச்சாவின் முழுப் பொருளும் அப்போது அவருக்கு விளங்கவில்லை. தாயிழந்த சிறுவனை அணைத்துக் கொண்டவர், அண்ணன் சோதிரிந்திரநாதரின் மனைவி காதம்பரி தேவியார் ஆவர். அவர் இரவீந்திரரினும் இரண்டே வயது மூத்தவர். 9 வயதுச் சிறுமியாக அம்மனைக்கு மருமகளாய் வந்தவர். இளங்கவி எழுதியவற்றையெல்லாம் முதலிற் கேட்பவரும், எளிதிற் பாராட்டாமற் குறை கூறித் திருத்துபவரும் அவரே. கவி பிகாரிலால் சக்கரவர்த்தியின் பாட்டுக்களில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. அக்கவியைப் போல் எழுத வேண்டும் என்பதே இரவீந்திரரின் இளமைக் கனவாக இருந்தது.

1883-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இரவீந்திரருக்கும் மிருணாளினி தேவியாருக்கும் திருமணம் நடைபெற்றது. நான்கு திங்களும் சில நாட்களும் கழிந்தன. 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் காதம்பரி தேவியார் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டார். காரணம் யாதென ஆராய்ந்து எழுதினோர் பலர். அவற்றுட் பெரும்பான்மை வெறும் வம்புரை. அதில் நாம் புகவேண்டுவதில்லை. 22 வயது இளைஞரை அச்சாவு எவ்வாறு தாக்கியது என்பதை அவரே 1912-இல் நூல் வடிவம் பெற்ற தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதியுள்ளார். அதுகாறும் வாழ்வில் எவ்விடத்தும் இடைவெளி உண்டென்பதையே அவர் அறியாதிருந்தார். மரமும் மண்ணும் ஞாயிறும் திங்களும் முன்போலவே நிற்க, அவற்றினும் மெய்யாய்த் தோன்றிய ஓர் உயிர் மட்டும் ஒரு நொடியில் இல்லையாயிற்றே என்று திகைத்தார். சில காலம் உலக வழக்குக்களையே மறந்தவராய், முரட்டுத் துணி ஒன்றைப் போர்த்துச் செருப்பணிந்த காலோடு ஆங்கிலப் புத்தகக் கடைக்குச் செல்வாராம். மழையானாலும் பனியானாலும் மூன்றாம் மாடித் திறந்த தாழ்வாரத்திலேயே படுத்து உறங்குவாராம். பின்னர் மெல்ல மெல்ல, இழந்த பொருளைப் பற்றியிருந்த கை நெகிழ்ந்தபோது, உலகின் அழகு முன்னினும் தெளிவாய்ப் புலப்பட்டது என்கின்றார். அவ்வாண்டுகளில் அண்ணியாரை முன்னிலைப்படுத்தி எழுதிய உரைப்பகுதிகள் உண்டு. நூல்களை அவர் நினைவிற்கு உரிமையாக்கியதும் உண்டு. இவை கையறுநிலையே. இளமைத் துயர் தன்னைப் பற்றியே பெரிதும் பேசும். அவையும் அவ்வாறே பேசின.

அதன் பின் ஏறக்குறைய 18 ஆண்டுகள் சாவு அவர் இல்லத்தை அணுகவில்லை. பத்மை ஆற்றங்கரையிற் சிலைதாவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குடும்பத்து நிலங்களை மேற்பார்த்துக் கொண்டு, படகிலே தங்கிச் சிறுகதைகளும் பாடல்களும் எழுதிய காலம் அது. மாதுரிலதை, இரதீந்திரன், இரேணுகை, மீரை, சமீந்திரன் என மக்கள் ஐவர் பிறந்தனர். மூத்தவளாகிய மாதுரிலதையை வீட்டில் வேலா என்று அழைப்பர். ஓயாது பேசும் அச்சிறுமியின் மழலையிலிருந்துதான் 1892-இல் எழுந்த காபூலிவாலா என்னும் கதையில் வரும் மினி பிறந்தாள். பிரிந்த மகளின் சிறு கை மசிப்பதிவைத் தாளில் வைத்து நெஞ்சோடு சுமந்து திரியும் ஆப்கானியனை அக்கதையிற் படைத்த தந்தை, மகளைப் பிரிதலை அப்போது கற்பனையில் மட்டுமே அறிந்திருந்தார்.

1901-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் அவர் செய்த செயல்களுள் ஒன்றை நாம் போற்றவும், ஒன்றைக் குறை கூறவும் வேண்டும். குறையை முதலிற் சொல்லி விடுவோம். அவ்வாண்டிலே மாதுரிலதையை 14 வயதிலும், இரேணுகையை 10 வயதிலும் மணஞ்செய்து கொடுத்தார். வரதட்சிணைக் கொடுமையால் ஒரு பெண் மடிவதைக் கதையாக்கி 1891-இலேயே வங்காளத்தாரின் நெஞ்சைச் சுட்டவர், தம் மூத்த மகளுக்கு மணம் பேசியபோது அவ்வழக்கத்திற்குத் தாமும் இணங்கினார். மாப்பிள்ளை, முன்னர்க் கூறிய பிகாரிலாலின் மகன். இளமையிற் போற்றிய கவியின் குடும்பம் என்னும் பற்று அவரைத் தூண்டியிருக்கலாம். ஆயினும் 10 வயதுச் சிறுமியை மணப்பந்தலில் அமர்த்தியதற்கு யாதொரு சமாதானமும் எமக்குத் தோன்றவில்லை. பெரியோர் வாழ்க்கையை எழுதுவோர் இத்தகையவற்றை மூடிச் செல்வது வழக்கம். பெண்மக்களைப் பெற்றோர் படிக்கும் இவ்விதழில் மூடிச் செல்வது முறையன்று.

போற்றத்தக்க செயல், அவ்வாண்டு டிசம்பர் மாதம் சாந்திநிகேதனத்தில் மாணாக்கர் சிலரோடு அவர் ஒரு பள்ளியைத் தொடங்கியது. மரநிழலில் இருந்து பயிலும் பள்ளி அது. பொருள் போதவில்லை. மிருணாளினி தேவியார் தம் நகைகளை விற்கக் கொடுத்தார். மாணாக்கர்க்குத் தம் கையாற் சமைத்து உணவும் இட்டார். ஓராண்டும் நிரம்புமுன் அவ்வம்மையார் நோயுற்றுக் கல்கத்தாவிற்குக் கொண்டு செல்லப்பட்டார். கூலிக்குச் செவிலியரை அமர்த்தாமல் இரவீந்திரரே இரவும் பகலும் அருகிருந்து, கைவிசிறியால் வீசிப் பணிவிடை செய்தார். 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 30 வயதும் நிரம்பவில்லை. அன்னையார் அணிந்திருந்த காலணிகளை மகன் இரதீந்திரரிடம் கொடுத்துப் போற்றி வைத்துக் கொள்ளும்படி தந்தையார் கூறினார் என்பதை அம்மகனார் தம் நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். பிறகு இரவு முழுவதும் தனியே மாடியில் உலாவினாராம். அத்துயரில் எழுந்தவை நினைவு என்னும் பொருள்படும் சுமரணம் என்ற தொகுதியில் 27 பாடல்களாக உள்ளன. அவருடைய கையறுநிலைப் பாட்டுக்களுள் தலைசிறந்தன இவையே. ஒருவகையில் இறுதியானவையும் இவையே எனலாம்.

ஏனெனில் அழுது தீர்த்தற்கு அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. மனைவி இறந்த சில திங்களில் இரேணுகைக்குக் காசநோய் என்பது தெளிவாயிற்று. நல்ல காற்றை நாடி முதலில் அசாரிபாக்கிற்கும், பின்னர் 1903-ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவிற்கும் மகளை அழைத்துச் சென்றார். இளைய பிள்ளைகளும் உடன் வந்தனர். ஒருபுறம் இருமி இளைக்கும் மகள். மற்றொரு புறம் ஏழு வயதும் நிரம்பாத தாயற்ற சமீந்திரன். இந்நிலையில் ஒரு கவி எதனைப் பாடுவான்? காலனை வைது பாடுவான். விதியை நொந்து பாடுவான். மறுமையைப் பற்றித் தத்துவம் பாடுவான் என்றே எதிர்பார்ப்போம். தாகூர் பாடியவையோ குழந்தைப் பாட்டுக்கள். தான் எங்கிருந்து வந்தேன் என்று தாயைக் கேட்கும் குழந்தை, சண்பகப் பூவாக மாறிக் கிளையில் ஒளிந்து கொண்டு தாயை ஏய்க்க நினைக்கும் குழந்தை, பல்லக்கிற் செல்லும் தாயைக் கொள்ளையரிடமிருந்து வாள்வீசிக் காக்கும் வீரச்சிறுவன் ஆகியோர் குதித்து விளையாடும் பாட்டுக்கள் அவை. நோய்ப்படுக்கைக்கு அருகிலிருந்து அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, தம் நூல்களைத் தொகுத்து வந்த நண்பர் மோகித சந்திர சேனருக்கு அனுப்பி வந்தார். சிசு என்ற பெயரில் அவை தொகுப்பாயின. அவற்றுட் பல பின்னர் 1913-இல் ஆங்கிலத்திலும் இளம்பிறை என்னும் பொருள்பட்ட பெயரோடு வெளிவந்தன.

அப்பாட்டுக்களை மகிழ்ந்து படிப்போர் ஒன்றை நினைத்துப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ எல்லாப் பாட்டிலும் குழந்தை தன் தாயோடு பேசிக் கொண்டே இருக்கின்றது. எழுதப்பட்ட காலத்தில் அவ்வில்லத்துக் குழந்தைகளுக்குத் தாய் இல்லை. இல்லாத தாயின் மடியைத் தந்தை சொல்லாற் கட்டிக் கொடுத்தார் என்று கொள்வது மிகையாகாது. ஆயினும் இறந்தாளே என்ற சொல் அங்கில்லை. கண்ணீரை வெளிப்படக் காண இயலாது. நோயாளியும் சிறுவனும் கேட்டுச் சிரிக்க வேண்டும் என்பதே அப்போதைய தேவை. பாட்டு அத்தேவைக்குப் பணி செய்தது. இரேணுகை ஊர் திரும்ப விரும்பியமையால் மலையினின்றும் அரும்பாடுபட்டு இறக்கிக் கொண்டு வந்தனர். 1903-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவள் கல்கத்தாவில் உயிர் நீத்தாள்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் சாந்திநிகேதனத்திலே ஆசிரியராய் இருந்த சதீச சந்திர ராயர் என்ற இளங்கவி பெரியம்மை கண்டு மாண்டார். பள்ளியையே சில காலம் சிலைதாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1905-ஆம் ஆண்டு சனவரியிற் தந்தையார் தேவேந்திரநாதர் முதிர்ந்த வயதில் மறைந்தார். அவ்வாண்டிலேயே வங்கப் பிரிவினை நேர, நாடெங்கும் எழுந்த கிளர்ச்சிக்குத் தாகூர் எழுதிக் குவித்த நாட்டுப் பாடல்கள் பல. அவை இக்கட்டுரைக்குப் புறம்பானவை.

கடைமகன் சமீந்திரன் தந்தையின் சாயலும் இயல்பும் ஒருங்கே கொண்டவன். 1907-ஆம் ஆண்டு வசந்த பஞ்சமியன்று, தோழர் சிலரைச் சேர்த்துக் கொண்டு, பருவங்களைப் போல் வேடம் புனைந்து சாந்திநிகேதனத்தில் ஒரு விழாவை நடத்தினான். அங்குப் பின்னாளிற் பெருகிய வசந்த விழாவிற்கு அச்சிறுவனின் விளையாட்டே தொடக்கம் என்பர். அவ்வாண்டுப் பூசை விடுமுறையில், குடும்ப நண்பர் ஒருவர் வீட்டாரோடு முங்கேர் என்னும் ஊருக்குச் சென்றான். அங்கே வாந்திபேதி கண்டது. செய்தி அறிந்து தந்தை விரைந்து சென்றார். நவம்பர் மாதத்தில், தன் அன்னை மறைந்து சரியாக ஐந்தாண்டு நிரம்பிய அதே வங்கத் தேதியில், 11 வயதும் நிரம்பாத சமீந்திரன் இறந்தான். அப்போது மூத்த மகன் அமெரிக்காவில் வேளாண்மை பயின்று கொண்டிருந்தார். மீரை மணமாகிச் சில திங்களே ஆகியிருந்தன. தந்தை புகைவண்டி ஏறித் திரும்பினார்.

சாந்திநிகேதனத்திற் பள்ளி மணி வழக்கம் போல் ஒலித்தது. பிரவாசி என்னும் மாத இதழில் அவ்வாண்டு தொடங்கிய கோரா என்ற பெருங்கதை நின்றுவிடாமல் 1910 வரையில் தொடர்ந்து வந்து முடிந்தது. வங்க மொழி நவீனங்களுள் முதல்வரிசையில் வைக்கத்தக்கது அது. 1908-இற் பள்ளிச் சிறுவர் நடிப்பதற்கென்றே சாரதோற்சவம் என்ற நாடகத்தை எழுதினார். கூதிர்காலத்து விடுமுறை மகிழ்ச்சியே அதன் பொருள். அவருடைய பருவ நாடகங்களுக்கெல்லாம் அது முதல். பருவங்களுக்கு விழா எடுத்த மகன் மறைந்த மறு ஆண்டில், பிறர் மக்களுக்குப் பருவ விழா ஒன்றை அவர் அமைத்துக் கொடுத்தார் என்பதை யாரும் கவனியாமல் இருக்க இயலாது. ஆயினும் அந்நாடகத்தில் எங்கும் சமீந்திரனின் பெயர் இல்லை. 1910-இல் வந்த வங்காளக் கீதாஞ்சலியின் 157 பாடல்களிலும் அவன் பெயர் இல்லை. மகனைப் பற்றித் தனியே ஒரு கையறுநிலைத் தொகுதி, மனைவிக்குச் செய்ததுபோல், அவர் செய்யவில்லை.

இதனைக் கண்டு அவரைக் கல்நெஞ்சர் என்று கருதினாரும் உளர். அன்னோர் 1911-இல் எழுதிய தபால் நிலையம் என்னும் சிறு நாடகத்தைப் படித்தல் வேண்டும். அமல் என்னும் சிறுவன் நோயுற்றிருக்கின்றான். வெளியே சென்றால் வெயிலும் காற்றும் ஆகா என்று வைத்தியர் தடுத்துவிட்டார். அவனை மகனாக வளர்க்கும் மாதவதத்தன் அச்சத்தால் அவனைச் சன்னலருகே இருத்தி வைக்கின்றான். தெருவிற் செல்லும் தயிர்க்காரனை அழைத்து, அவன் ஊர் மலையடியில் உள்ளதா, ஆற்றங்கரையில் உள்ளதா என்று அமல் கேட்கின்றான். தயிர் விற்கும் கூவலைத் தனக்குக் கற்றுத் தரும்படி வேண்டுகின்றான். சலிப்போடு வந்த தயிர்க்காரன், தயிர் விற்பதிலும் இன்பம் உண்டென்பதை அச்சிறுவனிடம் கற்றுச் செல்கின்றான். காவற்காரன் வருகின்றான், சுதை என்னும் பூக்காரச் சிறுமி வருகின்றாள், விளையாடும் சிறுவர் வருகின்றனர். எதிரே அரசனுடைய தபால் நிலையம் புதிதாகத் திறந்திருப்பதை அறிந்த அமல், அரசனிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கின்றான். ஊர்த்தலைவன் ஏளனமாக வெற்றுத்தாள் ஒன்றை நீட்டுகின்றான். உடனிருக்கும் கிழவர் அதனை மெய்யான திருமுகமாகவே கொள்கின்றார். முடிவில் அரசவை வைத்தியர் வந்து, அடைத்த கதவுகளையும் சன்னல்களையும் எல்லாம் திறக்கச் செய்து, விளக்கை அணைத்து, விண்மீன் ஒளியை உள்ளே வரவிடுகின்றார். அமல் உறங்குகின்றான். பூக்களோடு திரும்பி வந்த சுதை, தான் மறக்கவில்லை என்பதை அவன் விழித்ததும் சொல்லும்படி கூறிச் செல்கின்றாள். அவ்வளவே நாடகம்.

ஆசிரியத் தொழிலில் உள்ள யாம் ஒன்று கூறத் துணிவோம். இந்நாடகத்தைச் சிறுவர் நடிக்கப் பெரிய அரங்கமும் பட்டாடையும் வேண்டுவதில்லை. ஒரு கட்டில், ஒரு சன்னல், ஒரு தயிர்ப்பானை இருந்தாற் போதும். நடிக்கும் சிறுவர்க்கு அது சாவைப் பற்றிய நாடகம் என்றே தோன்றுவதில்லை. பெற்றோர் வரிசையில் இருப்போரே கண்ணைத் துடைப்பர். சமீந்திரன் இறந்து நான்காண்டு கழிந்த பின், தன் பிள்ளை என்ற எல்லையைக் கடந்து, எவர் வீட்டுப் பிள்ளையும் ஆகக்கூடிய ஒரு பிள்ளையைத் தந்தை படைத்தார். கையறுநிலையில் இறந்தார் ஒருவரே; அவர் பெயரோடு பாட்டும் நிற்கும். இங்கோ பெயர் நீங்கியமையால் துயரம் யாவர்க்கும் உரியதாயிற்று. தாகூர் பற்றிய வேறொரு நெறி என்று முன்னர்க் கூறியது இதனையே. 1917-ஆம் ஆண்டு இறுதியிற் கல்கத்தாவில் காங்கிரசு மகாசபை கூடியபோது சோராசாங்கோ மனையில் இந்நாடகம் நடிக்கப்பட்டது. காந்தியடிகளும் திலகரும் அன்னி பெசண்டு அம்மையாரும் கண்டனர். கவியரசரும் வேடம் பூண்டு நடித்தார்.

அக்காலத்திலேயே மூத்த மகள் வேலாவும் காசநோயால் நலிந்து கொண்டிருந்தாள். மருமகனோடு மனவேறுபாடு இருந்தமையால் தந்தை அவ்வில்லத்திற்குச் செல்வதே அரிதாயிருந்தது. நோய் முற்றிய பின் நாள்தோறும் சென்று மகள் அருகில் அமர்ந்திருப்பார். 1918-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் வழக்கம் போற் சென்றவர், வாயிலிலேயே செய்தி அறிந்து மாடி ஏறாமலே திரும்பினார். மினிக்கு உருத்தந்த அம்மகளுக்கு அப்போது வயது 31. அவ்வாண்டு டிசம்பரில் விசுவபாரதி என்னும் கலைக்கழகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தென்னாட்டில் சுற்றுப் பயணம் செய்து, திருச்சிராப்பள்ளி, மதுரை, சென்னை முதலிய நகரங்களிற் பேசியபோது, அவரைக் கண்டு களித்த பெருங்கூட்டத்தாருள், மகளைப் பறிகொடுத்து ஓராண்டும் ஆகாதவர் இவர் என்பதை எண்ணியோர் சிலரே இருந்திருப்பர். அவர் முகத்தில் அது தெரிந்ததில்லை.

60 வயதைக் கடந்தபின் ஓவியமும் எழுதத் தொடங்கினார். கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைத்து உருவம் சமைத்ததில் முளைத்தது அக்கலை. 1930-இற் பாரிசு நகரில் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. எழுதியவை 2000-க்கு மேற்பட்டன. அவற்றிற் பெண்முகங்கள் பல, இருண்டு, வாய்மூடி, விழிகளால் மட்டும் நோக்குவன. அவை யார் முகங்கள் என்று கேட்போர்க்கு ஓவியம் விடை கூறாது.

மீரையின் ஒரே மகன் நிதீந்திரன் அச்சுத்தொழில் பயில ஜெர்மனி நாட்டிற்குச் சென்றிருந்தான். 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 20 வயதில், காசநோயால் அங்கேயே மாண்டான். சாந்திநிகேதனத்தில் அப்போது வருஷாமங்கலம் என்னும் மழைவிழா நடைபெற வேண்டிய காலம். முதியவரின் துயரை மதித்து அவ்வாண்டு விழாவை நிறுத்திவிடலாம் எனப் பலரும் கூறினர். அது கூடவே கூடாது என அவர் மறுத்துவிட்டார். மகனை இழந்த மகளுக்கு அம்மாதம் எழுதிய கடிதத்திலேதான், 25 ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்த சமீந்திரன் செய்தியை அவர் வாய்திறந்து சொல்கின்றார். பிள்ளை போன இரவில், தம் துயரம் அவனைச் சிறிதும் பின்னிழுத்தல் ஆகாது என்று முழு மனத்தோடும் வேண்டிக் கொண்டாராம். மறுநாள் இரவு புகைவண்டியில் வருங்கால், வானமெங்கும் நிலவு பெருகி வழியக் கண்டாராம். எங்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை. எல்லாம் ஒன்றான அம்முழுமைக்குள் தாமும் இருப்பதால், அதற்குத் தாம் செய்யவேண்டிய தொழிலும் மீந்திருக்கின்றது என்று தம் மனம் கூறியதாக எழுதுகின்றார். சாரதோற்சவமும் தபால் நிலையமும் எங்கிருந்து வந்தன என்பது இக்கடிதத்தால் விளங்குகின்றது.

நம் இல்லங்களில் ஒரு சாவு நேர்ந்தால் ஓராண்டு பண்டிகை இல்லை, மேளம் இல்லை, பலகாரம் இல்லை. இறந்தாரை மதித்தற்கென முன்னோர் வகுத்த வழக்கம் அது. அதனை யாம் பழிக்க வரவில்லை. ஆயினும் அவ்வழக்கத்தின் பெயரால் வீணையை உறையிட்டுப் பரண்மேல் ஏற்றிய பெண்மக்களையும், படிப்பை இடைநிறுத்தப்பட்ட பிள்ளைகளையும், ஓராண்டு எனத் தொடங்கி ஆயுள் முழுவதும் கைத்தொழிலைக் கைவிட்டவர்களையும் நம் குடும்பங்களிற் காண்கின்றோம். அத்தகைய வீட்டில் உள்ளோர் அம்மழைவிழாச் செய்தியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக.

1939-இல் தபால் நிலைய நாடகத்தை மீண்டும் நடிக்க ஏற்பாடு செய்தபோது, உறங்கும் அமலின் அருகே கிழவர் பாடுதற்கென ஒரு புதிய பாடலை இயற்றினார். பின்னர் அதனை நாடகத்திற் பாடவிடாமல் நிறுத்தி, தாம் இறந்தபின் பாடும்படி ஆணையிட்டார். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள், தாம் பிறந்த அச்சோராசாங்கோ மனையிலேயே, 80-ஆம் வயதில் உயிர் நீத்தார். மக்கள் ஐவருள் இரதீந்திரரும் மீரையும் மட்டுமே அப்போது எஞ்சியிருந்தனர். அமலுக்கென எழுதிய பாடல் சாந்திநிகேதனத்தில் அவருக்காகப் பாடப்பட்டது.

அந்நாடகம் அதற்கு முன்னரே ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டிருந்தது. போலந்து நாட்டு வார்சா நகரில் நாசிகள் யூத மக்களைச் சுவரெழுப்பி அடைத்து வைத்திருந்த பகுதியில், யானுஷ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் அநாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் நடத்தி வந்தார். குழந்தைகள் சாவை அஞ்சாது எதிர்கொள்ளப் பழக வேண்டும் என்று கருதி, அவர் இந்நாடகத்தைத் தேர்ந்து, 1942-ஆம் ஆண்டு சூலை மாதம் 18-ஆம் நாள் அவர்களைக் கொண்டே நடிப்பித்தார். ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரத்தில் ஏறக்குறைய 200 குழந்தைகளும் திரெப்ளிங்கா என்னும் கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். தாம் மட்டும் தப்பிப் பிழைக்க வழி இருந்தும் கோர்ச்சாக் அவர்களை விட்டு நீங்காமல் உடன் சென்றார்.